பெட்டி ஏற்ற ஒரு போன் வேண்டும்

கிளியரிங் ஏஜென்சியில் வேலை என்றால் நாங்கள் கப்பலோடு மல்லுக்கட்டுவதாக ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் மல்லுக்கட்டுவது போனோடுதான்.

தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு ஏற்றுமதி செய்கிறவர்களுக்குச் சுங்கக் காகிதம் போட்டு, கன்டெய்னரை உள்ளே அனுப்பி, கப்பல் ஏற்றிவிடுவது எங்கள் தொழில். கன்டெய்னர் என்று எவனும் சொல்வதில்லை, பெட்டி. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கட்-ஆஃப் நேரம் உண்டு. அதற்குள் பெட்டி கேட்டைத் தாண்டினால் பிழைத்தோம். ஒரு நிமிஷம் பிந்தினாலும் அடுத்த கப்பல்தான். இதற்காக ஒரு நாளைக்கு நூறு போன், இருநூறு போன் பேசுகிறோம். நீங்களும் இப்படிப் போனில் தொங்கிப் பிழைக்கிறவர் என்றால் வாருங்கள், உட்காருங்கள், நம் ரெண்டு பேருக்கும் ஒரே சீக்குதான்.

முதல் பெட்டி

ஜெயக்கனி அக்கா சாத்தான்குளம் பக்கம். முருங்கை இலையைக் காயவைத்து, பொடியாக்கி, வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். அவருடைய முதல் பெட்டியை எங்களிடம்தான் நம்பிக் கொடுத்தார். அன்றைக்குச் சுங்கத்தில் ஒரு காகிதம் கேட்டார்கள். அது என் பையில் இருந்தது. நான் யார்டுக்குள், நாலு அடுக்குப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தேன். சுற்றி இரும்பு, சிக்னல் பூஜ்யம். ஆபீஸிலிருந்து அடித்த அத்தனை பேருக்கும் நான் 'தொடர்பு எல்லைக்கு அப்பால்'. இத்தனைக்கும் கூப்பிடு தூரத்தில்தான் நின்றேன். கப்பல் போய்விட்டது.

மறுநாள் அக்கா வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. இன்னொரு தடவை சரக்கு பிந்தினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்குகிறவன் எழுதியிருந்ததைக் காட்டினார். "எங்கிட்ட பதினஞ்சு பிள்ளைய வேலை பாக்கு சார், அதை மட்டும் மனசுல வச்சிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் முதலாளி அண்ணாச்சி அக்கா படி இறங்கும் வரை வாசலில் நின்று பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஏலே அந்தோணி, அடுத்த மாசம் அந்த அம்மா பெட்டி மறுபடி வருது. நல்ல போனா, நல்ல சிம்மா நீயே பாத்து வாங்கு. இந்தத் தடவையும் தவறுச்சுன்னா அவ மொகத்துல முழிக்க எனக்கு ஏலாதுலே."

பத்து வயசு குறையும்

போன் கடைக்குப் போனேன். குளிர்சாதனம், கண்ணாடி, வரவேற்பில் ஒரு சாக்லேட். விற்பனையாளரிடம் என் தேவையைத் தெளிவாகத்தான் சொன்னேன். உச்சி வெயிலில் திரை தெரிய வேண்டும். கிரேன் இரைச்சலில் ரிங் கேட்க வேண்டும். வியர்த்த விரலால் தொட்டாலும் வேலை செய்ய வேண்டும். கீழே விழுந்தால் பிழைக்க வேண்டும்.

அவர் எல்லாவற்றுக்கும் "கண்டிப்பா சார்" என்றார். பிறகு ஒரு போனை எடுத்து எதிர்க்கடை பெயர்ப்பலகையைப் பெரிசாக்கிக் காட்டினார். அதற்கப்புறம் நிலாவை இதில் எவ்வளவு கிட்டத்தில் பார்க்கலாம் என்று விளக்கினார். ஐயா, நிலாவில் எனக்கு என்ன பெட்டியா கிடக்கிறது? ரிங் சத்தத்தை ஒரு தடவை வைத்துக் காட்டுங்கள் என்று மூன்று முறை கேட்டேன். அவர் என் முகத்துக்கு நேரே போனை நீட்டி ஒரு படம் பிடித்தார். படத்தில் இருந்தவன் என் சாயலில் யாரோ கல்யாண மாப்பிள்ளை.

"பாத்தீங்களா சார், இதுல எடுத்தா பத்து வயசு கொறஞ்சிரும். பிசினஸ்ல நாலு பேரைப் பாக்கிறவங்களுக்கு அதுதான சார் முக்கியம்?"

சிக்னல் யாத்திரை

சரி, போன் கிடக்கட்டும், முதலில் சிம் எது என்று பார்ப்போம் என்று மூன்று கம்பெனியில் மூன்று சிம் வாங்கினேன். பேர் சொல்ல மாட்டேன். ஒருத்தருக்கொருத்தர் சளைத்தவர்கள் இல்லை. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு துறைமுக கேட், யார்டு, சுங்க ஆபீஸ், உப்பளத்து ரோடு, எங்கள் ஆபீஸ் என்று அஞ்சு இடத்திலும் நின்று எத்தனை கோடு காட்டுகிறது என்று எழுதினேன். மண்டை பிளக்கும் வெயில். கேட்டில் நிற்கும் காவலர் ரெண்டாம் நாள் என் நோட்டை வாங்கிப் பார்த்தார், உளவு பார்க்கிறேனோ என்று.

முதல் கம்பெனி கேட்டிலும் யார்டிலும் பிரமாதம், ஆபீஸுக்குள் வந்தால் பிணம். ரெண்டாவது கம்பெனி ஆபீஸில் கக்கூஸ் ஜன்னலருகே மட்டும் எடுத்தது. அங்கே நின்று ஏற்றுமதி வியாபாரம் பேசினால் விளங்கிடும். மூன்றாவதுதான் யார்டைத் தவிர எல்லா இடத்திலும் ஒழுங்காக இருந்தது. யார்டிலும் எடுக்க வழி உண்டா என்று அவர்கள் சேவை மையத்துக்கு அடித்தேன். ஒன்றை அழுத்து, ரெண்டை அழுத்து, பாட்டுக் கேள் என்று இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு ஒரு பெண் வந்தார். நான் எங்கே நிற்கிறேன், சுற்றிலும் எத்தனை பெட்டி இருக்கிறது என்று விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், பாவம்.

"சார், உங்க ஏரியால நெட்வொர்க் ரொம்ப நல்லா இருக்கிறதாத்தான் எங்க சிஸ்டம் காட்டுது. நீங்க அங்கிருந்து வெளிய வந்து பேசிப் பாருங்க சார்."

நிபுணர்

எங்கள் ஆபீஸ் சாகுல், காயல்பட்டினத்துக்காரன். மூன்று காக்காமார், அதாவது அண்ணன்மார், வளைகுடாவில். லீவுக்கு வரும் ஒவ்வொரு காக்காவும் ஒரு போன் கொண்டுவருவதால் உலகத்துப் போன்களைப் பற்றி அவன் சொல்வதுதான் தீர்ப்பு. நான் எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்குவான். "இதெல்லாம் ஒரு போனாண்ணே?" என்பான். அவனிடம் இருப்பது மடிக்கிற போன். விரித்தால் சிலேட்டு, மடித்தால் பர்ஸ். பெருநாள் அன்றைக்கு எல்லோரிடமும் காட்டிவிட்டுத் திரும்பவும் பஞ்சு வைத்த பெட்டிக்குள் வைத்துவிட்டான்.

ஒரு நாள் யாரோடோ கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தான். கையில் திரை உடைந்த, ரப்பர் பேண்டு போட்ட ஒரு பழைய சனியன். எங்கேடா உன் மடிக்கிற போன் என்று கேட்டேன்.

"அதுல பேசுனா தேஞ்சு போகும்லண்ணே!"

அண்ணாச்சியின் நம்பர்

சுங்கத்து வெப்சைட்டில் எதைத் தொட்டாலும் ஓடிபி வரும். அது அண்ணாச்சியின் நம்பருக்கு மட்டும்தான் வரும். அண்ணாச்சியின் சிம்முக்கோ ஆபீஸுக்குள் உயிர் கிடையாது. எனவே அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய் டீக்கடை முன்னால் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். வந்ததும் அங்கிருந்தே கூவுவார்: "ஏழு! நாலு! ரெண்டு சைபரு!" நான் மாடியில் அடிப்பேன். எங்கள் ரகசிய எண் டீ ஆற்றுகிறவருக்கும், பஜ்ஜி தின்கிறவருக்கும், எதிர்ப்பக்கத்துப் போட்டி ஏஜென்சிக்கும் எங்களுக்கு முன்னாலேயே தெரியும்.

அந்த மூன்றாவது கம்பெனிக்கு மாறிவிடுங்கள் என்று கெஞ்சினேன். இருபது வருஷத்து நம்பர், பேனர், லெட்டர்பேடு எல்லாவற்றிலும் இருக்கிறது, மாற்ற மாட்டேன் என்றார். நம்பர் மாறாது அண்ணாச்சி, கம்பெனி மட்டும்தான் மாறும் என்று நாலு நாள் பாடம் நடத்தினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பொண்ணக் கட்டிக் குடுத்த பொறவு இனிஷியல் மாறாம இருக்குமாலே? எங்கிட்டயே கத விடுதான்."

நிம்மதி

ஒருவழியாக அவரையும் மாற்றினேன். எனக்கும் போன் வாங்கினேன். செங்கல் மாதிரி ஒரு போன், ரிங் அடித்தால் பக்கத்து ஆபீஸ்காரன் திரும்பிப் பார்ப்பான். யார்டுக்கென்று முதல் கம்பெனி சிம்மும் அதிலேயே. அக்காவின் பெட்டிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. எல்லா லாரி ஆபீஸுக்கும் சொல்லிவிட்டேன்: எதுவானாலும் என் நம்பருக்கு அடி, வேறு யாரையும் கேட்காதே.

லாரிக்காரன் அடித்தானோ இல்லையோ, மற்றவன் எல்லாம் அடித்தான். மனை வேண்டுமா, இன்சூரன்ஸ் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா. சோற்றில் கை வைத்தால் அடிப்பான், கோயிலில் முழந்தாளிட்டால் அடிப்பான். போனை நோண்டியதில் ஓர் அருமையான வசதி கண்ணில் பட்டது. நாம் பேர் போட்டுச் சேமிக்காத நம்பர் எது வந்தாலும் சத்தமே வராது. தட்டிவிட்டேன். ஆகா, என்ன நிம்மதி! சாகுலைக் கூப்பிட்டுக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அவன் மட்டும் தலையைச் சொறிந்தான். அவன் பேச்சை எவன் மதிப்பான்?

"அண்ணே, தெரியாத ஆளுதான நமக்குப் புது கஸ்டமரு?"

நாலு மணி

அந்த நாள் வந்தது. பெட்டி பத்து மணிக்குச் சாத்தான்குளத்தில் கிளம்பிவிட்டது. கட்-ஆஃப் நாலு மணி. லாரி நம்பர் போட்டுக் கேட் பாஸும் எடுத்தாயிற்று. நான் ஃபேனுக்கு அடியில் போனை மேஜையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தால் ஒரு ரிங்கில் எடுக்க வேண்டும் என்று சபதம்.

முக்காணிப் பக்கம் லாரிக்குக் கிளட்ச் போயிருக்கிறது. லாரி ஆபீஸ்காரர் கெட்டிக்காரர், உடனே வேறு லாரி அனுப்பிப் பெட்டியை மாட்டி, புது டிரைவரிடம் என் நம்பரையும் கொடுத்து விரட்டிவிட்டார். மூன்றே காலுக்குப் பெட்டி துறைமுக கேட்டில். பாஸில் இருப்பது பழைய லாரி நம்பர், உள்ளே விட முடியாது என்றுவிட்டார்கள். நம்பரைத் திருத்த அஞ்சு நிமிஷ வேலை. புது டிரைவர் எனக்கு அடித்தார். அவர் நம்பர் என் போனில் இல்லை. பதினோரு தடவை அடித்திருக்கிறார். திரையைக் கவிழ்த்து வைத்திருந்த நான் ஃபேனுக்கு அடியில் காத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிஷம் இருக்கும்போது போன் அலறியது. ஜெயக்கனி அக்கா. ஒரே ரிங்கில் எடுத்து, "பாத்தீங்களாக்கா, எப்பிடி எடுத்தேன்!" என்றேன். "சார், டிரைவர் அரை மணி நேரமா உங்களுக்கு அடிக்கானாம். எடுக்கலன்னு காயிதத்துல என் நம்பரப் பாத்து எனக்கு அடிச்சான். பெட்டி கேட்டுல நிக்கி" என்றார். வெப்சைட்டைத் திறந்தேன். அவசரத்தில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்தேன், திரும்ப முதலிலிருந்து. ஓடிபி அண்ணாச்சிக்கு உட்கார்ந்த இடத்திலேயே வந்தது, சிம் மாற்றிய புண்ணியம். திருத்திய பாஸ் கையில் வந்தபோது நாலு மணி நாலு நிமிஷம். பைக்கில் பறந்து போய்க் கேட்டில் கெஞ்சினேன், கப்பல் கம்பெனிக்காரரிடம் கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை. டிரைவர் லாரி நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னையும் என் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவு நல்ல போன் வச்சிருக்கியளே அண்ணே, நான் ஏதோ பழுதான போனுன்னுல்லா நெனச்சேன்."

அக்கா வந்தார்

ரெண்டு நாள் கழித்து அக்கா காகிதங்களை வாங்க வந்தார். இந்தப் பெட்டியை அடுத்த கப்பலில் எடுத்துக்கொள்வதாகவும், இனி ஆர்டர் கிடையாது என்றும் வாங்குகிறவன் சொல்லிவிட்டானாம். எட்டுப் பிள்ளைகளை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வேறு ஆர்டர் பிடித்தால் எதிர்ப்பக்கத்து ஏஜென்சியிடம் கொடுப்பதாகச் சொன்னார். அண்ணாச்சி தலையைத் தூக்கவே இல்லை.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வெட்கங்கெட்டவன், எழுந்து போய் அந்தப் போனை அவரிடம் காட்டினேன். சிக்னல் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, ரிங்கும் பெரிசுதான், இதோ இந்த ஒரு பொத்தான்தான் அக்கா என்று விளக்கினேன். அவர் போனை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, என் மேஜையில் மெதுவாக வைத்தார். காகிதங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போன் நல்லாத்தான் பாத்து வாங்கியிருக்கீங்க சார். இனி அதை எடுக்கதுக்கு ஒரு நல்ல ஆளாப் பாருங்க."

போனை மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. கூப்பிட ஆள் குறைந்துபோனதிலிருந்து, ஒரு தடவை சார்ஜ் போட்டால் மூன்று நாள் தாங்குகிறது.