அக்கா துடைத்த எட்டு வளையங்கள்

கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளைகளின் பருவைத் துடைத்தே பதினோரு வருஷம் பிழைத்தவர் அக்கா. பரு, மரு, தழும்பு எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஸ்டுடியோவை மூடிய பிறகு வானாராய்ச்சி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தொலைநோக்கி அனுப்பும் படங்களில் விழுந்திருக்கிற கோடு, புள்ளிகளை எடுத்துவிட்டுச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும். மூன்றே மாதத்தில் ‘துடைப்பம்’ என்று பட்டப்பெயர் வந்தது. அக்கா அதை விருது மாதிரி வாங்கிக்கொண்டார்.

அன்று காலை, இளம் நட்சத்திரங்களை ஆராய்கிற மேடம் முகம் தொங்கிப்போய் வந்தார்.

"என்ன மேடம், கப்பல் கவுந்த மாதிரி?"

"கவுந்தேதான் போச்சுக்கா. புதுசா பொறந்த நட்சத்திரத்தைச் சுத்தித் தூசி, தட்டு மாதிரி சுத்திக்கிட்டிருக்கும். அதுல ஒரு கோள் உருவாச்சுன்னா, போற வழியில இருக்கற தூசியைக் கூட்டித் தள்ளிடும். அந்த இடம் கறுப்பா, மெல்லிசா, வளையமாத் தெரியணும். எட்டு நட்சத்திரம் பாத்துட்டேன். எல்லாம் வழவழன்னு இருக்கு. மத்தியானம் கூட்டத்துல ஆராய்ச்சியை மூடிடறேன்னு சொல்லப்போறேன்."

அக்கா மனதுக்குள் எட்டுப் படத்தையும் ஓட்டிப் பார்த்தார்.

கறுப்பா, மெல்லிசா. எட்டுப் படத்திலும் இருந்ததே! கருவியில் விழுந்த கீறல் என்று நினைத்து, பக்கத்துத் தூசியை எடுத்து ஒட்டி மெழுகிவிட்டிருந்தார். பரு என்றால் போய்த் தொலையட்டும், இது ஒவ்வொன்றும் ஒரு உலகம்! போதாக்குறைக்கு மூலப்படங்களையும் அழித்திருந்தார். பரு இருந்த படம் வாடிக்கையாளர் கண்ணிலேயே படக்கூடாது என்பது ஸ்டுடியோ சட்டம்.

வாயை மூடிக்கொண்டால் வேலை நிலைக்கும். அக்கா தண்ணீர் குடித்தார். பாதி மேலே கொட்டியது.

"மேடம்... வளையம் இருந்துச்சு. நான்தான் கீறல்னு துடைச்சுட்டேன்."

"எதுல?"

"எட்டுலயும்."

மேடம் அப்படியே உட்கார்ந்தார். நாற்காலி ஒரு முழம் தள்ளி இருந்தது. தரையில் இருந்தபடியே கேட்டார், "மூலப்படம்?"

"அழிச்சுட்டேன்."

மேடம் எட்டிப் போனை எடுத்தார். தொலைநோக்கி இருக்கும் மலையில் ஒரு மாதம்தான் நகல் வைத்திருப்பார்களாம். கடைசி இரண்டு படம் மட்டும் மிச்சம். அனுப்பச் சொன்னார். வந்தது.

மேடம் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். "எங்கக்கா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அக்காவின் விரல் ஒரு வட்டம் போட்டது. அப்புறம் அடுத்த படத்திலும்.

"மலையில இருக்கற கம்ப்யூட்டரே பிடிக்கலையே இதை... நீங்க எப்படிப் பாத்தீங்க?"

"பாக்காம எப்படி மேடம் துடைக்கறது?"

மேடம் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அக்காவின் கையிலிருந்த மவுஸை மட்டும் பிடுங்கிக்கொண்டார். "இனிமே காட்டறதோட நிறுத்திக்கணும். கெளம்புங்க, கூட்டத்துக்கு நீங்களும் வரணும். அங்க யார் கண்ணுக்கும் இது தெரியாது."

அக்கா எழுந்தார். நனைந்த முந்தானையை உதறிக்கொண்டு மேடத்தின் பின்னால் நடந்தார்.