தாலாட்டு என்று சொன்ன பாட்டு

இத்தாலியின் பலேர்மோவில் ஒரு தமிழச்சியின் குரல் இசைத்தட்டில் வந்ததென்றால் அது என் அம்மாவின் குரல்தான். இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று எனக்கு இருந்தது. இப்போது யாராவது அந்தத் தட்டைப் போட்ட பாடகியின் பேச்சை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லிபெர்த்தா தெருவில் அம்மா வேலைசெய்த வீட்டின் எசமானி, சின்யோராவின் மகள்தான் அந்தப் பாடகி. சோல் பாட்டு, அதாவது நெஞ்சைப் பிழிந்து பாடுகிற கறுப்பின மக்களின் இசை, அவளுடைய தொழில். நெடுங்காலம் ஒரு குழுவில் பின்னால் நின்று பாடியவள், தனியாகத் தன் முதல் இசைத்தட்டைப் போட ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அம்மா குளியலறையை உரஞ்சிக் கழுவியபடி பாடியதைக் கேட்டுவிட்டு, அது என்ன பாட்டு என்று கேட்டிருக்கிறாள். அது ஒப்பாரி. மனிதர் வாழ்கிற வீட்டுக்குள் நின்று ஒப்பாரி வைத்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? தாலாட்டு என்று அம்மா சொல்லிவிட்டார். பாடகி கண் கலங்கி, திரும்பப் பாடச் சொல்லிக் கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டாள்.

ஒப்பாரி மாமாவுக்கு. அம்மாவின் ஒரே தம்பி, வன்னியில் சண்டை முடிந்த நாட்களில் காணாமல் போனவர். காணாமல் போனவர் என்று மட்டும்தான் எங்கள் வீட்டில் சொல்லலாம். ஏனென்றால் மாமாவின் மனைவி, என் மாமி, எங்களுக்கு மேல்மாடியில் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் விரதம் பிடித்து, மாமா வருவார் என்று காத்திருந்தார். அவர் காதுபட ஒரு மூச்சு அழ முடியாத அம்மா, தமிழ் தெரியாத வீட்டில் போய் அழுதிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால் விளங்கியது.

இசைத்தட்டு சக்கைபோடு போட்டது. பல்லரோச் சந்தையில் மீன் வெட்டுகிறவன்கூட அந்தத் தாலாட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் செதில் சீவினான். அம்மா அந்தப் பக்கம் போனால் நடையை எட்டிப்போடுவார். பாடகி பரிசு வாங்கினாள், பேட்டி கொடுத்தாள், தன் ஆன்மாவைக் கண்டெடுத்துவிட்டதாகச் சொன்னாள். தட்டின் உறையில் 'எங்கள் வீட்டு இலங்கைப் பெண்ணுக்கு நன்றி' என்று போட்டிருந்தாள். வருடக்கணக்காக அவளுடைய உடுப்பைத் தோய்த்து மடித்தவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது.

பாட்டின் தொடக்கத்தில், கைத்தொலைபேசியில் பதிந்த அதே குரலில், அம்மா தனியாகப் பாடுவார்; பிறகுதான் அவள் சேர்ந்துகொள்வாள். வானொலிக்காரர் அந்தத் தொடக்கத்தை வெட்டிவிட்டே போட்டார்கள். அதனால் பள்ளிக்கூடத்தில் ஒருத்தியும் என்னை நம்பவில்லை. அம்மா அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த தட்டைத் தேடியெடுத்து, என் பத்தாவது பிறந்தநாளுக்குச் சனம் கூடியிருந்தபோது போட்டேன்.

கேக் வெட்டிய கையோடு அம்மாவின் குரல் அறை முழுக்க எழுந்தது. "வாய்க்கரிசி போட ஒருத்தரும் இல்லாமல் போனியே, என்ரை தம்பி..."

வகுப்புப் பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள். பெரியவர்கள் கேக்கை வாயில் வைத்தபடி நின்றார்கள். "நிப்பாட்டு! நல்ல நாளிலை என்ன சனியன் இது?" என்று அப்பா பாய்ந்து வந்தார்.

"விடுங்கோ அண்ணை," என்றார் மாமி. "முழுக்கக் கேப்பம்."

கதிரையில் இருந்து கடைசிவரை கேட்டார். பாடகியின் பகுதியையும் விடவில்லை. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"எப்ப இருந்து, மச்சாள்?"

அம்மா மேசையில் சிந்திய கேக்கைத் துடைக்கத் தொடங்கினார்.

"அவரை எரிச்சு முடிச்சிட்டியள். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை," என்று சொல்லிவிட்டு மாமி எழுந்து போனார்.

எனக்கு அப்பாவின் மேல்தான் கோபம். அவ்வளவு பேரில் பாட்டை ஒழுங்காகக் கேட்டவர் மாமி ஒருவர்தான். அவருக்கு அது பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அடுத்தநாள் காலை தட்டை அவருக்கே கொடுத்துவிடலாம் என்று மாடிக்கு ஓடினேன். மாமி வாங்கி மேசையில் வைத்தார். அவர் நெற்றி வெறுமையாக இருந்தது.

"மாமி, பொட்டு வைக்க மறந்திட்டியள்," என்று சொல்லி, கண்ணாடியில் ஒட்டியிருந்த பெரிய சிவப்புப் பொட்டைப் பிடுங்கிக் கொடுத்தேன்.

மாமி அதை விரல்நுனியில் வைத்துக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு என் நெற்றியில் ஒட்டிவிட்டார். பெரிய ஆட்களின் பொட்டு எனக்குக் கிடைத்துவிட்டதென்று துள்ளிக்கொண்டு, அம்மாவுக்குக் காட்டப் படியிறங்கி ஓடினேன்.