அப்பா அவுட்டான சனிக்கிழமை

மூன்றாம் வகுப்பில் எனக்குக் கிடைத்த காலாண்டு விடுமுறையைப் போல ஒன்று அதற்கு முன்பும் வாய்த்ததில்லை, பின்பும் வாய்த்ததில்லை. அந்த விடுமுறை முழுக்க அப்பா வேலைக்கே போகவில்லை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டராக இருந்தவர் அவர். ஷிப்டு மாறி மாறி வரும். நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் நாங்கள் தூங்கிய பிறகு தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க வந்து சேருவார். அப்படிப்பட்டவர் காலையில் எங்களோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, “இன்னைக்கு என்ன வெளையாடுவோம்?” என்று கேட்டால் எப்படி இருக்கும்? எனக்கும் தம்பிக்கும் தலைகால் புரியவில்லை.

அப்பாவுக்குத் தொண்டை கட்டிப் பல மாதம் ஆகியிருந்தது. மார்கழி மாதம் எங்கள் தெரு பஜனையில் முன்னால் நின்று பாடுகிறவர் அவர்தான். போர்வைக்குள் படுத்தபடியே, பஜனை எந்த முக்கில் வருகிறது என்று அவர் குரலை வைத்துச் சொல்லிவிடலாம். சித்திரைக்கு மேல் அந்தக் குரல் கரகரக்க ஆரம்பித்தது. பஞ்சுத் தூசி என்றார்கள். சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் ஆயிற்று. பிறகு அம்மாவும் அவரும் இரண்டு மூன்று தடவை மதுரைக்குப் போய்வந்தார்கள். தொண்டையில் புற்றுநோய் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். குரல்வளையை எடுத்தால்தான் பிழைக்க முடியும், எடுத்துவிட்டால் பேச்சு வராது, கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு விட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் வெகு காலம் கழித்து எனக்குத் தெரிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவுக்கு லீவு என்பது மட்டும்தான்.

விளையாட்டை அவர்தான் கண்டுபிடித்தார். மில்லுக்குள் எந்திரங்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லோரும் கையாலேயே பேசிக்கொள்வார்களாம். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் முட்டவிட்டு வெடுக்கென்று பிரித்தால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். இல்லாத மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். இரண்டு விரலால் கிளாஸைப் பிடிப்பதுபோல் உதட்டருகே சாய்த்தால் டீ. அப்பா ஒவ்வொன்றாகச் செய்து காட்டக் காட்ட எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இப்படி ஒரு ரகசிய பாஷையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருக்கிறாரே என்று கோபம்கூட வந்தது.

காலைச் சாப்பாட்டுக்குக் கை கழுவியதும் ஆட்டம் ஆரம்பம். சாயங்காலம் விளக்கேற்றும் வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எது வேண்டுமானாலும் கையால்தான் கேட்க வேண்டும். பேசினால் அவுட்.

“சனிக்கிழம ஸ்ரீவில்லிபுத்தூர் போறோம். அங்க வச்சு கடேசி ஆட்டம். அவுட்டாகாம இருக்க ஆளுக்கு என்ன கேட்டாலும் வாங்கித் தாரேன்” என்றார் அப்பா.

ஆளுக்கொரு அடையாளம் வேண்டும் என்று முதல் நாளே பெயர் வைத்தோம். மூக்கின் ஓரத்தைத் தொட்டால் அம்மா, மூக்குத்திக்காக. வயிற்றைத் தட்டினால் தம்பி, அவன் அப்போது குண்டாக இருப்பான். காதுகளுக்குப் பக்கத்தில் இரண்டு கைகளாலும் முறுக்கிக் காட்டினால் நான், என் ரெட்டை ஜடைக்காக. அப்பாவுக்கு என்ன வைப்பது என்று ரொம்ப நேரம் யோசித்து, நெற்றியில் ஒரு விரலால் நாமம் இழுத்தோம். அவருக்கு அது பிடித்துப் போயிற்று.

மில் பாஷையில் இல்லாத வார்த்தைகளையும் அப்பா எங்களோடு சேர்ந்து உண்டாக்கினார். பசிக்கிறது, தண்ணீர், ஃபேனைக் குறை, ஜன்னலைத் திற, வலிக்கிறது, வலி விட்டுவிட்டது, பயப்படாதே, பார்த்துப் போ. விளையாட்டில் எதற்கு வலி என்று எனக்குக் கொஞ்சம் அலுப்பாக இருந்தது. ஐஸ்கிரீமுக்கு ஒரு சைகை கண்டுபிடிப்போம் என்றேன். அதையும் கண்டுபிடித்தோம். ஆனால் வலியை மட்டும் திரும்பத் திரும்பச் செய்து காட்டச் சொன்னார். நானும் பல்வலி, வயிற்றுவலி, முழங்கால்வலி என்று விதவிதமாக நடித்துப் பாராட்டு வாங்கினேன்.

தம்பி ஒரு மணி நேரத்துக்குள் அவுட்டாகிவிடுவான். இட்லி சாம்பாரில் கத்தரிக்காயைப் பார்த்தால் அவனால் சும்மா இருக்க முடியாது. நான் மத்தியானம் வரை தாக்குப்பிடிப்பேன். ஆச்சரியம் அம்மாதான். பக்கத்து வீட்டுச் சேவலைக்கூட ரெண்டு வார்த்தை கேட்காமல் விடாதவள் என் அம்மா. அந்த வாரம் முழுவதும் அவள் ஒரு தடவைகூட அவுட்டாகவில்லை. உளுந்து ஊறப்போடும்போதும் துணி மடிக்கும்போதும் வாயே திறக்கவில்லை. அம்மாவுக்கு இவ்வளவு கெட்டிக்காரத்தனம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. விளக்கேற்றிய பிறகும்கூட அவள் அதிகம் பேசவில்லை. அது பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. புரட்டாசி ஆனதால் பஸ்ஸில் நிற்க இடமில்லை. அப்பா கண்டக்டரிடம் இரு கைகளையும் தலைக்கு மேல் கோபுரமாகக் கூப்பிக் காட்டி, நான்கு விரலை நீட்டினார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் கோபுரம் காட்டினேன். தம்பியைப் பார்த்தார். அவனும் கோபுரம். அம்மா சும்மா தலையை ஆட்டினாள். கண்டக்டர் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. முன்சீட்டில் இருந்தவரைத் தட்டி, “அண்ணாச்சி, செத்த எந்திரிங்க. குடும்பத்துக்கே பேச்சு வராது போலிருக்கு, பாவம்” என்றார். இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒரு பாட்டி தன் கூடையிலிருந்து ஒரு கொய்யாப் பழத்தை எடுத்து என் கையில் திணித்து, “எம்புட்டு அழகான பிள்ளைக” என்று உச்சுக் கொட்டினாள். எனக்கு வயிறு குலுங்கிற்று. சிரித்தாலும் அவுட்டா என்று விதியில் பேசியிருக்கவில்லை. ஆகவே கொய்யாப் பழத்தை முழுசாக வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். தம்பி அப்பாவின் வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அப்பா மட்டும் மிக மரியாதையாகப் பாட்டியைக் கும்பிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கிச் சந்து திரும்பியதும் நாங்கள் நான்கு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து எனக்கும்தான் வந்தது.

நாச்சியார் கோயிலில் அப்படி ஒரு கூட்டம். அப்பா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, யாராவது காலை மிதித்தாலும் கத்திவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தபடி நகர்ந்தேன். இரண்டு பேர் மிதித்தார்கள். கத்தவில்லை. அன்றைக்கு ஜெயித்தே தீருவது என்று இருந்தேன். சன்னதி முன்னால் வந்தோம். மாலையும் தீபமுமாக நாச்சியார் ஜொலித்தாள். பட்டர் தீர்த்தம் கொடுத்தார், சடாரி வைத்தார், துளசி கொடுத்தார். கூட்டம் எங்களை வெளியே தள்ளிற்று. தூண் ஓரமாக ஒதுங்கி நின்றோம். அப்பா தம்பியை இறக்கிவிட்டார். சன்னதிப் பக்கம் திரும்பிக் கை கூப்பினார்.

பிறகு பாட ஆரம்பித்தார்.

மார்கழியில் பாடுகிற அதே பாசுரம். குரல் எழும்பவில்லை. மேலே போக வேண்டிய இடத்தில் காற்றாகப் போயிற்று. கீழே இறங்கும்போது எங்கோ ஒரு கரடுமுரடான இடத்தில் பிடித்துக்கொண்டு மறுபடி வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடியிருந்தார். நான் ஒரு விநாடி நம்ப முடியாமல் பார்த்தேன். அப்புறம் நின்ற இடத்திலேயே குதித்தேன்.

“அப்பா அவுட்டு. அப்பா வாயத் தொறந்துட்டாரு, அப்பா அவுட்டு.”

அப்பா நிறுத்தவில்லை. கடைசி அடி வரை பாடி முடித்தார். சன்னதி முன்னால் சத்தம் போட்டதற்கு அம்மா என் தொடையில் கிள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் பக்கத்தில் போய் நின்று, வாயைத் திறந்து சொன்னாள்: “இன்னொரு தடவ பாடுங்க.”

“அம்மாவும் அவுட்டு” என்றேன். எனக்கு இறக்கை முளைத்தது போலிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு விக்கெட்டு. அவுட்டை அறிவிக்க நானே பேசிவிட்டேன் என்பது எனக்கும் உறைக்கவில்லை, தம்பிக்கும் உறைக்கவில்லை.

அப்பா இன்னொரு தடவை பாடினார். முடித்துவிட்டு என் முன்னால் குனிந்து, “ஆமாட்டி, நான் அவுட்டுதான். நீதான் ஜெயிச்ச. என்ன வேணும், கேளு” என்றார்.

யாருக்கும் பங்கு தராமல் எனக்கே எனக்கென்று ஒரு பெட்டி பால்கோவா கேட்டேன். வாங்கிக் கொடுத்தார். தேர் நிற்கிற இடத்தின் நிழலில் உட்கார்ந்து பாதிப் பெட்டிக்கு மேல் என்னால் முடியவில்லை. மீதியைத் தம்பி தின்றான். அப்பா பேசிக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடிந்துவிட்டதால் பேசுகிறார் என்று நினைத்தேன். தேர் வடத்தை அவர் முதன்முதலாகப் பிடித்தது, அம்மாவைப் பெண் பார்க்க வந்த அன்று பஸ்ஸைத் தவறவிட்டது, நான் பிறந்தபோது மழை கொட்டியது, எல்லாம் சொன்னார். தொண்டை கம்மும்போது தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னார். அம்மா ஒரு இடத்தில்கூட, “போதும், தொண்டைக்கு ஆகாது” என்று தடுக்கவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸிலும் பேசினார். நல்லவேளை, வேறு கண்டக்டர்.

திங்கட்கிழமை அப்பாவும் அம்மாவும் மதுரைக்குப் போனார்கள். நாங்கள் செட்டியார்பட்டியில் மாமா வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் தொண்டையில் ஒரு சின்ன ரிப்பேர் என்று மாமா சொன்னார். ஃபிட்டர் மகளாகிய எனக்கு அது சரியாகவே பட்டது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா அதன் பிறகு பல வருடம் எங்களோடு இருந்தார். மறுபடி அதே மில்லுக்குப் போனார். அங்கே யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்று சைகையில் சொல்லிச் சிரிப்பார். மார்கழி பஜனையில் ஜால்ரா தட்டிக்கொண்டு முன்னால்தான் போவார். அய்யனார் கோயில் அருவிக்கு அழைத்துப் போனால், கழுத்துத் துளைக்குள் தண்ணீர் போகக் கூடாது என்பதற்காகப் பாறையிலேயே நின்று, நாங்கள் குளிப்பதை ரசிப்பார். என் கல்யாணத்தைப் பார்த்தார். நோய் நுரையீரலில் திரும்பி வந்தபோது டாக்டர் எங்களுக்குச் சொல்லத் தயங்கியதை அப்பாவே கையால் சொன்னார், பயப்படாதே என்பதையும் சேர்த்து. எங்கள் வீட்டில் அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆஸ்பத்திரிக்கு நாங்கள் முதன்முதலாகப் போன அந்த நாளைப் பற்றி. மாமா எங்களை அழைத்துப் போனார். அப்பாவின் கழுத்தில் பெரிய கட்டு. மூக்கில் ஒரு குழாய். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. தம்பி மாமாவின் பின்னால் ஒளிந்துகொண்டான். அப்பா என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கி, காதுகளுக்குப் பக்கத்தில் முறுக்கினார். பயம் போயே போயிற்று. நான் நெற்றியில் நாமம் இழுத்துக் காட்டினேன். அவர் கண் சிரித்தது.

நர்ஸ் அக்கா வந்து ஏதோ கேட்டார்கள். அப்பா கையைச் சுழற்றி, பிறகு தாழ்த்தினார். நர்ஸுக்குப் புரியவில்லை. மாமாவுக்கும் புரியவில்லை. அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

“ஃபேனக் கொறைக்கச் சொல்லுதாரு” என்றேன்.

“உனக்கு எப்படிப் பாப்பா தெரியும்?” என்று நர்ஸ் அக்கா கேட்டார்கள். அது ரகசியம் என்று சொல்லிவிட்டேன். வலிக்கிறதா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்கள். கேட்டேன். கொஞ்சம் என்றார். சொன்னேன். அன்று சாயங்காலம் வரை அந்த வார்டில் எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக்கூடத் தெரியாத பாஷை எனக்குத் தெரிந்திருந்தது. பெருமை தாங்காமல் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

கோயிலில் தோற்றதற்காகத்தான் அப்பா புது ஆட்டம் ஆரம்பித்திருக்கிறார் என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது தம்பியிடம் விளக்கினேன். அப்பா இந்தத் தடவை ரொம்ப நன்றாக விளையாடுகிறார், ஆனாலும் எப்படியும் ஒரு நாள் மறந்து பேசிவிடுவார், காதைத் தீட்டி வைத்துக்கொள் என்றேன்.

அவர் வீட்டுக்கு வந்த பிறகும் நான் விடவில்லை. அசந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது ஓசைப்படாமல் பின்னால் போய், “எப்பா” என்று கூப்பிடுவேன். அவர் திரும்பிப் பார்ப்பார். வாயைத் திறப்பது போல இருக்கும். பிறகு கைகளைத் தூக்கித் தன் காதருகே இரண்டு ஜடையையும் முறுக்கிக் காட்டுவார். இன்றைக்கும் மாட்டவில்லை என்று நான் விளையாடப் போய்விடுவேன்.