தண்ணி குடிக்காமல் ஓடியவள்

ஓட்டப்பந்தயத்தன்று ஆமத்தூர் விலக்கு ரோட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை ஒருவர் விடாமல் முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே இல்லவே இல்லை என்று பின்னால் யாரும் நழுவக் கூடாது. சட்டையில் நம்பர் துணியை ஊக்கு போட்டுக் குத்திக்கொண்டு அக்கா இருந்தாள். கைதட்டுவதற்காகக் கம்பெனி வேனில் அள்ளி வந்த பெண்களோடு அம்மா இருந்தாள். அம்மாவின் தம்பியான மாமா தன் மொபெட்டோடு இருந்தார். பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் விசிலோடு இருந்தார். அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் முதலாளி எல்லாருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தார். அப்புறம் நான், பத்து வயது. அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். அதனால் அவரை மட்டும் திட்ட முடியாது.

பங்குனி மாத வெயில். ஓட்டம் காலை ஆறு மணிக்கு என்று பிளக்ஸில் போட்டிருந்தது. முதலாளி வந்தபோது எட்டரை தாண்டிவிட்டது. வந்தவர் கொடியை அசைத்துவிட்டுப் போயிருக்கலாம். மைக்கைப் பிடித்துக்கொண்டார். ஓடினால் சர்க்கரை வராது, பிரஷர் வராது, இருதயம் குதிரை மாதிரி இருக்கும், நெஞ்சுக்கூடு விரியும், மனக்கவலை பறந்துபோகும் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவர் தலைக்கு மேலே பந்தல் இருந்தது. முன்னால் மேசையில் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஓட வேண்டிய பிள்ளைகள் தார் ரோட்டில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார்கள். பாதிப் பேருக்குச் செருப்புகூடக் கிடையாது.

அவர் சொன்னது எதுவும் பொய் இல்லை. எனக்குக் கோபமே அதில்தான். அக்காவுக்குச் சின்னதிலிருந்தே இளைப்பு. பக்கத்துக் காட்டில் வெடி போட்டுப் பார்க்கும் நாட்களில் அந்தப் புகைக்கு இரவெல்லாம் உட்கார்ந்தே இருப்பாள். ஏழாவது படிக்கும்போது டீச்சர் அவளை மைதானத்தைச் சுற்றி மெள்ள ஓடவிட்டார். முதலில் அரைச் சுற்று. பிறகு ஒன்று. ஒன்றிரண்டு வருஷத்தில் கண்மாய்க் கரை முழுக்க ஓடித் திரும்புகிற அளவுக்கு வந்துவிட்டாள். இளைப்பு அடங்கிவிட்டது. ராத்திரி கட்டை போலத் தூங்கினாள். சோற்றுக்கு மேல் சோறு கேட்டாள். எடுத்ததற்கெல்லாம் என் முடியைப் பிடித்து இழுத்தவள் இழுப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். ஓட்டம் உடம்புக்கு நல்லது என்று எனக்கு யாரும் புத்தகம் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துப் பாயில் படுத்துப் பார்த்தவள் நான்.

அந்த ஓட்டத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மதுரைப் பக்கம் விளையாட்டு விடுதியில் இடம் வாங்கித் தருவதாக டீச்சர் சொல்லியிருந்தார். வராவிட்டால் பத்தாவதோடு படிப்பு முடிந்தது, வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்துவிட்டுப் பதினெட்டு வயது ஆனதும் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். இது எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்த விஷயம். அதனால் அந்தப் பத்துக் கிலோமீட்டர் அக்காவுக்கு வெறும் பத்துக் கிலோமீட்டர் இல்லை.

டீச்சர் மட்டும் அவளைப் பழக்கியிருந்தால் எல்லாம் நல்லபடியாக நடந்திருக்கும். நடுவில் மாமா புகுந்தார். அவர் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப் போய், பாதம் தட்டையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அங்கே அரை நாள் வரிசையில் நின்ற அனுபவத்தை வைத்து வாழ்நாள் பூராவும் மிலிட்டரி பேசினார். "மிலிட்டரிக்காரன் ஓடயில தண்ணியத் தொட மாட்டான். தொட்டா வகுறு பிடிச்சு அங்கனயே உக்காந்துருவான்," என்பார். இதை அம்மா மறுத்திருக்க வேண்டும். மாறாக அவள் முகம் மலர்ந்துவிட்டது. தனக்குத் தெரிந்த ஒரு வித்தைக்கு மிலிட்டரியிலும் மரியாதை இருக்கிறதே!

ஏனென்றால் தண்ணி குடிக்காமல் இருப்பதில் அம்மாவும் அவள் கம்பெனிப் பெண்களும் பெரிய கைகாரிகள். காலையில் ஏழு மணிக்குக் கம்பெனிக் கேட்டுக்குள் போனால் சாயங்காலம் வேன் ஏறும்வரை வாயில் ஒரு சொட்டு விழாது. மத்தியானச் சோற்றைக்கூட மோரில்லாமல் கட்டியாகத் தின்பார்கள். தாகம் எடுத்தால் கடைவாயில் கொஞ்சம் புளியை ஒதுக்கிக்கொள்வார்கள். எச்சில் ஊறும், நாக்கு ஒட்டாது. யார் அதிக நேரம் தாங்குவது என்று வேனில் பந்தயம் வேறு. இந்தப் பாடத்தைத்தான் ஒரு மாதம் உட்கார்ந்து அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகிற தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி வைத்தாள். "மொதல்ல நாலு நாளு தலைய வலிக்கும்த்தா. பெறகு ஒடம்பு கேக்காது," என்றாள்.

"யம்மா, செத்துர மாட்டாளா?" என்று கேட்டேன். எதற்கெடுத்தாலும் இப்படிக் கேட்பது அப்போதே என் வழக்கம்.

"வாயக் கழுவுடி. நான் செத்தா போயிட்டேன்?"

கொடி அசைந்தது. மாமா மொபெட்டில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அக்காவை ஒட்டியே வந்தார். அம்மா வேனில் முன்கூட்டியே முடிவு இடத்துக்குப் போய்விட்டாள். பாதி தூரம் வரை அக்கா ஓடியதைப் பார்க்கக் கண் போதாது. தோள் ஆடாமல், பின்னல் மட்டும் ஆடிக்கொண்டு, கடைவாயில் புளியோடு போனாள். முன்னால் ஐந்து பேர், அப்புறம் நாலு, அப்புறம் இரண்டு பேர்தான். வழியில் எங்கும் தண்ணீர் வைத்திருக்கவில்லை. தண்ணீரெல்லாம் பந்தல் மேசையில் இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவள் முதுகைப் பார்த்தேன். தொப்பலாக நனைந்திருந்த சட்டை காய்ந்து, உப்பு வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. எனக்கு மொபெட்டில் உட்கார்ந்தே வேர்த்துக் கொட்டுகிறது, ஓடுகிறவளுக்கு ஏன் வேர்க்கவில்லை?

"மாமா, அக்காவுக்கு வேர்வையே இல்ல மாமா."

மாமா எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். "ஆமால்ல! பாடி செட் ஆயிருச்சு புள்ள! இனி எம்புட்டுத் தூரம்னாலும் ஓடுவா! விடாத தங்கம், விடாத!" என்று ஹாரனை அடித்தார்.

அக்கா திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அது அவள் சிரிப்பே இல்லை. முகம் சிவந்து கனன்றது. "மாடு அவுந்துருச்சா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் மாடே கிடையாது. பிறகு ரோட்டை விட்டு இறங்கி, கருவேலங்காட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தாள். முள்ளுக்குள் நாலு எட்டு வைத்து முகம் குப்புற விழுந்தாள்.

நான் கத்திய கத்தலில் எதிரே வந்த தண்ணி லாரி நின்றுவிட்டது. இறங்கி வந்த டிரைவர் அக்கா கழுத்தில் கை வைத்ததும் உதறிக்கொண்டார். "அடுப்பா கொதிக்குதேலே!" என்று சொல்லி, லாரிக் குழாயைத் திறக்க ஓடினார். மாமா குறுக்கே போய் நின்றார்.

"அண்ணே, தண்ணி படக் கூடாது. மூணாவதா வந்துட்டிருந்தா. எந்திரிச்சு ஓடிருவா."

"ஏலே கூமுட்டை, புள்ள செத்துக்கிட்டிருக்கா, ஓடிருவாங்கற! தள்ளுலே!"

அவர் மாமாவை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு அக்கா மேல் தண்ணீரைத் திறந்துவிட்டார். தலை, கழுத்து, அக்குள் என்று விடாமல் ஊற்றினார். சேற்றோடு அவளைத் தூக்கி லாரியில் கிடத்தி, ஆஸ்பத்திரி வரைக்கும் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. இன்றைக்கும் ரோட்டில் தண்ணி லாரி போனால் என் கை தானாகக் கும்பிடும்.

அக்கா பிழைத்தாள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களைப் பயத்திலேயே வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது. விடுதி இடம் போய்விட்டது. அதற்கப்புறம் அவளை ஓடவும் விடவில்லை. 'ஓட்டம் ஆகாது, பொம்பளப் பிள்ளைக்கு ஆகாது' என்று எல்லாரும் சேர்ந்து ஓட்டத்தின் மேல் பழியைப் போட்டார்கள். மாமாவும்தான் சொன்னார். கொளுத்தும் வெயிலில், தண்ணீர் இல்லாமல், ஒரு மாதமாகக் காய வைத்த உடம்போடு ஓடவிட்டதை விட்டுவிட்டு, ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள்! பல வருஷம் கழித்து, கல்யாணமாகிச் சாத்தூர்ப் பக்கம் போன பிறகுதான் அவள் மறுபடி ஓடத் தொடங்கினாள். விடியலில், வெயில் வருவதற்குள், இடுப்பில் தண்ணீரைக் கட்டிக்கொண்டு. முழங்காலுக்கு ஆகுமா, இருதயத்துக்கு ஆகுமா, நாய் துரத்துமா என்று நான் தினமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "ஓடி முடிச்சாச்சு, நீ போய்க் காப்பி போடு," என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு அம்மா வந்து சேர்ந்தபோது அக்காவுக்கு இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முதலாளி வரவில்லை. பரிசு கொடுக்க வேண்டியிருந்ததாம். டீச்சர் மட்டும் வந்து சுவரில் சாய்ந்து அழுதார். நர்ஸம்மா அக்காவிடமிருந்து எடுத்த சிறுநீரைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினார். கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது.

"என்னம்மா இது? புள்ளைக்குத் தண்ணி குடுத்தீகளா இல்லையா? கிட்னி என்னத்துக்கு ஆகும்?"

அம்மா அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். "இதுதானா தாயி? இது ஒன்னுஞ் செய்யாது. எனக்கு சாயங்காலம் இப்படித்தான் போகும். எங்க கம்பெனில எல்லாருக்கும் இப்படித்தான்."

நர்ஸம்மா அதைக் கீழே வைத்தார். "எம்புட்டு நாளா?"

"வேலைக்குப் போன நாள்ல இருந்து."

"ஏம்மா, தண்ணி குடிக்கிறதுக்கு என்ன கேடு?"

"குடிச்சா எந்திரிச்சுப் போகணும்ல. அம்புட்டுப் பொம்பளைகளுக்கும் ஒன்னே ஒன்னுதான், அதுவும் அங்கன கடைசி ஷெட்டத் தாண்டி. கதவும் நிக்காது. போயிட்டு வாரதுக்குள்ள பீஸ் கொறைஞ்சு கூலி போயிரும். போர்மேன் வேற வாட்சப் பாப்பாரு." ஊர்க்கதை சொல்வது போலச் சொன்னாள். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை.

நர்ஸம்மா விறுவிறுவென்று உள்ளே போனார். ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் மோந்து வந்து நீட்டினார். "இத என் கண்ணு முன்னால குடிங்க. மொதல்ல குடிங்க."

அம்மா வாங்கினாள். குடிக்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இங்கன கக்கூஸ் எங்கன இருக்கு தாயி?"

வராந்தா முனையில் என்று நர்ஸம்மா கை காட்டினார். அம்மா வாசல் வரை போய் எட்டிப் பார்த்து, கதவு இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு வந்தாள். அதற்கப்புறம்தான் தண்ணீரை வாயில் வைத்தாள். ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று கேட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு மகள் கட்டிலில் நினைவில்லாமல் கிடக்கிறாள், இவளுக்குக் கக்கூஸ் கவலையா? நர்ஸம்மா முன்னால் மானம் போய்விட்டது போல இருந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். அவள் இரண்டு முறை கூப்பிட்டும் போகவில்லை.

தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது, ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, பதினெட்டு வயது ஆகி, அதே கம்பெனிக் கேட்டுக்குள் நானும் ஒரு நாள் நுழையும்வரை எனக்குத் தெரியவில்லை.