அம்சவேணிக்கு லேசு வேலை

அம்சவேணியப் பத்தி ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. வாயாடிம்பாங்க, திமிர் புடிச்சவம்பாங்க. ரொம்பக் கோவம் வந்துட்டா 'அந்த சிலோன்காரி'ம்பாங்க. கப்பலேறி வந்தது அவங்கம்மா. இவ பொறந்தது கோத்தகிரியில. முப்பத்தொரு வருசமா இந்த மலைத் தண்ணியக் குடிக்கறவ எப்படீங்க சிலோன்காரி ஆவா? இதக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். என்ற பேரு வேலாமணி. அவகூட ஒரே கேங்குல கொழுந்து பறிக்கறவ நானு. கீழ் கோத்தகிரிப் பக்கம்னு வெச்சுக்கோங்க. எஸ்டேட் பேரு வேண்டாம், இன்னும் அங்கதான் சோறு திங்கறேன்.

எங்க எஸ்டேட்டுல ஒரு வழக்கம் இருந்துச்சு. காத்தால பேர் கூப்புட்டு வேலை பிரிக்கற மஸ்டருக்கு எல்லாரும் வந்து நிக்கோணும். மூட்டையத் தூக்கிக்கிட்டு சரிவுல ஏற முடியாத பொம்பளைக்கு, நர்சரியில உக்காந்து நாத்துப் பையில மண்ணு ரொப்பற வேலை குடுப்பாங்க. அதுதான் லேசு வேலை. அத வாங்கோணும்னா சூப்பர்வைசர்கிட்டக் காரணம் சொல்லோணும், எல்லாரு முன்னாலயும், வாய் உட்டு. தீட்டுன்னாலும் சொல்லோணும், முழுகாம இருந்தாலும் சொல்லோணும். மருந்தடிக்கற ஆம்பளைங்க அக்கட்டால நின்னு காதத் தீட்டிக்கிட்டு இருப்பாங்க. அதுல ஒருத்தன் முதுகு புடிச்சுக்கிச்சுன்னா மட்டும் 'போய் உக்காருப்பா'ன்னு முடிஞ்சு போகும்.

சூப்பர்வைசர் ராஜசேகரு, அம்சவேணி புருசன் பாலனுக்குக் கூடப்பொறந்த அண்ணன். அம்சவேணிக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. அது அந்தாளுக்குத் தூக்கத்தக் கெடுத்த சங்கதி. போன மழைக்கு அவளுக்கு நாள் தள்ளிப் போச்சு. சரிவுல நின்னு வாந்தி எடுத்தவ, கால் வழுக்கித் தேயிலைச் செடி மேலயே உளுந்தா. மறுநாள் மஸ்டர்ல லேசு வேலை கேட்டா.

"ஏன்?"னாரு ராஜசேகரு.

"நாள் தள்ளியிருக்குங் மாமா."

அவ்வளவுதான். அந்தாளு மொகத்துல பல்ப் எரிஞ்சுது. "இந்தத் தடவ பையன்தான்டா. நோம்பிக்கு மாரியம்மனுக்குத் தொட்டில் கட்டறேன்"ன்னு மைக் இல்லாத கொறையா அறிவிச்சாரு. பொழுது சாயறதுக்குள்ள மூணு டிவிசனுக்கும் தெரிஞ்சு போச்சு. வயித்துல இருக்கறவளுக்கு அது வேணுமா வேண்டாமான்னு ஒரு நாயும் கேக்கல.

அவளுக்கு வேண்டாம். கொழுந்து பறிச்சுக்கிட்டே எங்கிட்ட நேராச் சொன்னா. "ரெண்டையும் படிக்க வெக்கறதுக்கே எனக்கு முதுகு ஒடியுது வேலாமணியக்கா. மூணாவது வேண்டாம். கலைச்சுட்டு ஆபரேஷனும் பண்ணிக்கப் போறேன்."

"பாலன் என்ன சொல்றான்?"ன்னேன்.

"அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேக்கோணுமாம். ஏன், அண்ணனா பெக்கப் போறாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவ சிரிக்கல. அவங்கம்மாவப் பத்திச் சொன்னா. அந்தக் காலத்துல, இங்க வர்றதுக்கு முன்னால அவங்க இருந்த வேற ஒரு எஸ்டேட்டுல, ரெண்டு பெத்த பொம்பளைங்களை லாரியில ஏத்திக்கிட்டுப் போயி ஆபரேஷன் பண்ணி உட்டுட்டாங்களாம். பிரசவ லீவு குடுக்கறது கட்டுபடியாகலையாம் அவங்களுக்கு. என்ன பண்ணப் போறோம்னுகூட அவங்கம்மாளுக்கு யாரும் சொல்லல. ஒரு வாளியும் சேலையும் கையில குடுத்து அனுப்பிச்சாங்களாம். "அன்னிக்குப் பெக்காதேன்னு லாரியில ஏத்துனாங்க, இன்னிக்குப் பெறுன்னு தொட்டில் கட்டறாங்க. ரெண்டு தடவையும் எங்களக் கேக்கலக்கா. எங்கம்மா வாயத் தொறக்காமயே செத்துப் போச்சு. எனக்கு வாய் இருக்கு"ன்னா.

நாந்தான் கூடப் போனேன். ஆஸ்பத்திரியில நர்ஸம்மா எடுத்த எடுப்புல "ஊட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க"ன்னுட்டாங்க. அம்சவேணி பெஞ்ச உட்டு எந்திரிக்கல. "ஏனுங்க, வயிறு என்றது. அவரு எதுக்குங்க?"ன்னா. சத்தத்துல உள்ள இருந்த டாக்டரம்மா எட்டிப் பாத்தாங்க. என்ன ஏதுன்னு கேட்டுட்டு, "இவங்க சம்மதம் போதும் சிஸ்டர், உள்ள அனுப்புங்க"ன்னாங்க. அந்த டாக்டரம்மா நல்லா இருக்கோணும். கலைக்கறது, ஆபரேஷன் ரெண்டையும் ஒரே தடவையில முடிச்சு, ஒரு மாசத்துக்கு வெயிட்டே தூக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிச்சாங்க.

எஸ்டேட் ஊடுங்க இருக்கற லைனுக்கு வந்து எறங்குனா, வாசல்ல ராஜசேகரு நிக்கறாரு. சேதி எப்படித்தான் போச்சோ. பாலன் அவருக்குப் பின்னால, பள்ளிக்கூடத்துல முட்டி போட்ட பையன் மாதிரி நிக்கறான். சுத்தியும் எல்லா ஊட்டு வாசல்லயும் தலைங்க.

"குடும்பத்துக்கு வந்த ஆண் வாரிச அழிச்சுட்டு வந்திருக்கா. டேய் பாலா, இவள ஊட்ட உட்டு வெளிய போகச் சொல்லுடா."

அம்சவேணி அடிவயித்தப் புடிச்சுக்கிட்டு, மெதுவா செவுத்துல சாஞ்சா. "எந்த ஊட்ட உட்டுங் மாமா?"ன்னா.

அங்கதான் அந்தாளு மாட்டிக்கிட்டாரு. லைன் ஊடு எஸ்டேட்டுல பேர் பதிஞ்ச ஆளுக்குத்தான் குடுப்பாங்க. பாலன் டவுன்ல ஜீப் ஓட்டறவன், எஸ்டேட் ஆளே கெடையாது. ஊடு அவ பேர்ல இருக்கு, அவங்கம்மா வேலையில அவ ஏறுன நாள்ல இருந்து. ஆம்பள இருக்கற ஊடுன்னா அது ஆம்பளையோடதுதான்னு நாங்க எல்லாருமே நெனச்சுக்கிட்டு இருந்தோம். 'பாலன் ஊடு'ன்னுதான் வழியே சொல்லுவோம். அத்தன வருசம் மஸ்டர் எடுத்த அந்தாளுக்குக்கூட அது ஒறைக்கல, பாருங்க.

"என்ற ஊட்ட உட்டு என்னைத் தொரத்த உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா? ஏனுங்க," ன்னு பாலனப் பாத்தா, "நீங்க இருக்கறதுன்னா இருங்க. அண்ணன் பின்னால போறதுன்னா போங்க. நான் படுக்கோணும், வலிக்குது."

பாலன் குனிஞ்சுக்கிட்டே உள்ள போயி அடுப்பப் பத்த வெச்சு டீ போட்டான். அவன மெச்சிக்கச் சொல்லலைங்க. டீ போட்டான், அவ்வளவுதான்.

ரெண்டு வார லீவு முடிஞ்சு அவ வேலைக்கு வந்தப்பத்தான் அந்தாளு வஞ்சத்தக் காட்டுனாரு. டாக்டரம்மா சொன்னதச் சொல்லி லேசு வேலை கேட்டா. "லேசு வேலை புள்ளத்தாச்சிக்கு. புள்ளைய வேண்டாம்னு போனவளுக்கு எதுக்கு? மேல்காட்டுக்குப் போ அம்முணி"ன்னாரு. மேல்காடுன்னா ஆட்டுக்கே மூச்சு வாங்கும். ஆம்பளைங்க ரெண்டு பேரு சிரிச்சாங்க. எனக்கு அந்தாளு மூஞ்சியில மண்ண வாரிப் போடலாம்னு இருந்துச்சு. அம்சவேணி என்னையப் பாத்து வேண்டாம்னு தலைய ஆட்டுனா. கொழுந்துப் பைய எடுத்து மாட்டிக்கிட்டு ஏறுனா.

மத்தியானம் எடைக்கு மூட்டைய எறக்கோணும். அவ பறிச்சத மேட்டுலயே வெச்சுட்டு வெறுங்கையோட எறங்கி வந்தா. மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு. "தூக்க மாட்டேன். நான் செத்தா எம்புள்ளைங்கள இவரா பாப்பாரு?"ன்னு சொல்லிட்டுத் தராசுப் பக்கத்துலயே உக்காந்தா.

"மூட்டை வரலேன்னா உனக்கு இன்னிக்கு ஆப்சென்ட்"னாரு அந்தாளு.

எங்க கேங்குல ஜார்க்கண்ட்ல இருந்து வந்த சுக்மணின்னு ஒருத்தி. தமிழ் அரையும் கொறையும். எல்லாரும் அவள 'ஏ இந்தி'ம்பாங்க. பேர் சொல்லிக் கூப்புடறது அம்சவேணி ஒருத்திதான். சுக்மணி தராசு வரைக்கும் வந்தவ, மாட்ட வேண்டிய மூட்டையத் தரையில போட்டுட்டு அம்சவேணி பக்கத்துல உக்காந்துக்கிட்டா. அடுத்தது நானு. அதுக்கப்பறம் சசிரேகா. அப்படியே ஒவ்வொருத்தியா, மொத்தக் கேங்கும்.

பறிச்ச கொழுந்து மூட்டைக்குள்ள அடைஞ்சு கெடந்தா சூடேறிச் செவந்து போகும். செவந்த இலைய பேக்டரியில வாங்க மாட்டாங்க. சூப்பர்வைசருக்கு மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கறதுதான் மிச்சம். லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். ராஜசேகரு மூட்டைக்குள்ள கைய உட்டுப் பாத்தாரு, கத்துனாரு, எங்க புருசமாருங்க பேரெல்லாம் சொல்லி மெரட்டுனாரு. நாங்க வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தோம்.

கடைசியில எறங்கி வந்தாரு. "சரி அம்முணி. பாவம்னு பாத்து இந்த ஒரு தடவ குடுக்கறேன்."

எனக்கு அதுவே போதும்னு தோணுச்சு. எந்திரிக்கவும் போனேன். அம்சவேணி என்ற சேலையப் புடிச்சு உக்கார வெச்சா.

"பாவம் பாக்க வேண்டாமுங் மாமா. எனக்கு மட்டும் வேண்டாம். இனிமே எந்தப் பொம்பள லேசு வேலை கேட்டாலும் ஏன்னு கேக்கக் கூடாது. ஆம்பளைங்களக் கேக்கறீங்களா? அது மாதிரி."

லாரிக்காரன் மறுபடி ஹாரன் அடிச்சான். அந்தாளு மூட்டைங்களப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு. "ஆகட்டும், எந்திரிங்க"ன்னாரு. அம்சவேணியோட மூட்டைய நானும் சசிரேகாவும் போயி எறக்குனோம்.

மறுநாள் காத்தால மஸ்டர்ல மொதல்ல முன்னால வந்தது சுக்மணி. "லேசு வேலை"ன்னா. அந்த ரெண்டு வார்த்தைய மட்டும் சுத்தமாச் சொன்னா. ராஜசேகரு வாயத் தொறந்தாரு. நாங்க எல்லாரும் அவர் வாயையே பாத்தோம். மூடிக்கிட்டு, நர்சரிப் பக்கம் கையக் காட்டுனாரு.

அன்னிக்கு அவளுக்கு என்னன்னு எங்களுக்கும் இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க. நாங்க கேக்கல.