மாதுளைக்கு நான் கட்டிய காயில்

முதலில் ஒரு மன்னிப்பு. பத்தாவது வரை படித்தவன், எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டிப் பிழைப்பவன், வாரா வாரம் இந்த இடத்தில் எழுதுவதே அதிகப்பிரசங்கம். இந்த வாரம் இன்னும் மோசம் — மரம் வளர்ப்பது பற்றி எழுதப்போகிறேன். தோட்டம் துரவு உள்ளவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதாமல் இருக்க முடியவில்லை. நேரில் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். யாராவது திட்டினால் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவேன். கோபம் இரண்டு மூன்று நாள் கழித்து, கடையில் வேலையாக இருக்கும்போது வரும். வந்து என்ன பிரயோஜனம்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கார அம்மா, சரோஜாம்மா, வடகம் காயப்போட மொட்டை மாடிக்கு ஏறினார்கள். அவர்கள் கீழே இருக்கிறார்கள். நாங்கள் மேலே வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது... ஒரு சத்தம்.

"கமலா! ஏ கமலா! இங்க வந்து பாரு, யாரோ செய்வினை வெச்சிட்டு போயிருக்கான்!"

என் மனைவி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். நானும் ஓடினேன். சரோஜாம்மா வடக மாவுப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தள்ளி நின்று விரலை நீட்டினார்கள். அங்கே இருந்தது என் மாதுளை!

"ஐய, அது இவரு வேலைங்கம்மா" என்றாள் கமலா. "கடையில மோட்டாரு பத்தலன்னு வீட்டுல செடிக்கும் காயில் கட்டிக்கினு இருக்காரு."

அது செய்வினை இல்லை. போன்சாய். பெரிய மரத்தை ஒரு சாண் உயரத்தில், தட்டில் வளர்ப்பது. எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், டேபிள் ஃபேன் எரிந்துபோய் என் கடைக்கு வந்தார். ஃபேன் ஓடியதும் சந்தோஷத்தில் ஒரு சின்னப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முழுக்க இங்கிலீஷ். ஆனால் படங்கள் இருந்தனவே! உள்ளங்கை அகலத் தட்டில் முழு மரம், அதில் நிஜமான பழம். இப்படி ஒன்றை நானும் செய்தால் என்ன?

செவ்வாய்ச் சந்தையில் ஒரு மாதுளங்கன்று வாங்கினேன். வேரில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்தேன். பழைய பீங்கான் தட்டில் ஆணியால் ஓட்டை போட்டு நட்டேன். கிளையை வளைக்கச் செப்புக்கம்பி சுற்ற வேண்டும் என்று அடுத்த படம் காட்டியது. கம்பியா? அதை எனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? தை மாசம் சுற்றியது. பார்த்தால் ஃபேக்டரியில் இருந்து வந்த காயில் மாதிரி இருந்தது.

ஆவணியில் உச்சிக் கிளையில் ஒரு மொட்டு. சிவப்பாக, பட்டாணி அளவு. எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த மொட்டைத் தினம் எத்தனை தடவை போய்ப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

சரோஜாம்மாவுக்கு நான் இதையெல்லாம் சொல்லவில்லை. கமலாதான் சொன்னாள்.

"இது எப்பதான் பெருசாவும்?"

"ஆவாதாம்மா. இவ்ளோதான்."

"அப்புறம் இன்னாத்துக்கு இது?" சரோஜாம்மாவின் குரல் இறங்கியது. "இதோ பாருங்க, வர்ற வெள்ளிக்கிழமை என் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வருது. வளர்ற உசுர கட்டிப்போட்டு குட்டையாக்கி வெச்சிருக்கீங்க. மகா பாவம். அது கண்ணுல இது படக்கூடாது. அதுக்குள்ள எடுத்துடுங்க."

வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

கோபம் புதன்கிழமை வந்தது, கைவேலைக்கு நடுவில். பாவமா? யார் சொல்வது பாவம்? போன வருஷம் இதே வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. தெருவுக்கே நிழல். கார் உள்ளே வர இடைஞ்சல் என்று அரை நாளில் சாய்த்தார்கள். ஆறு குருவிக்கூடு விழுந்தது, நான் எண்ணினேன். அன்றைக்கு யாரும் மகா பாவம் என்று சொல்லவில்லை. விறகுக்கு மட்டும் ஆள் வந்தது. கூண்டுக்கிளி சீட்டு எடுத்தால் கைகட்டி உட்கார்ந்து ஜோசியம் கேட்கிறோம். மாட்டுக்கு மூக்கில் ஓட்டை போட்டுக் கயிறு கோக்கிறோம். அதெல்லாம் பிழைப்பு. நான் ஒரு சாண் மரத்துக்கு இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினால் — பாவம்!

மதியமே கடையைச் சாத்தினேன். மாடிக்குப் போய்த் தட்டோடு மாதுளையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கீழ்வீட்டுக்குப் போனேன்.

"பாருங்கம்மா! நல்லா பாருங்க. மொட்டு விட்டிருக்குது. கொடுமைப்படுத்துனா மொட்டு விடுமா? நீங்க வெட்டுனீங்களே ஒரு மரம்... அத கேக்க ஆள் இல்ல. என்ன மட்டும் கேக்க வந்துட்டீங்க!"

இருபது வருஷத்தில் நான் அவர்களிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். சரோஜாம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்கள்.

"மொட்டு இருக்குதுங்க. நான் இல்லன்னு சொல்லல." கிளையின் அடியில் விரலை வைத்தார்கள். "இங்க இன்னா, கம்பி உள்ள பூந்துக்கினு இருக்குது?"

பார்த்தேன். கம்பியைக் காணோம். இரண்டு பக்கமும் பட்டை புடைத்து, நடுவில் கம்பி தோலுக்குள் முழுகியிருந்தது. கிளையின் கழுத்தில் கயிறு போட்டு இறுக்கின மாதிரி.

மோட்டாரில் சுற்றுக்கும் சுற்றுக்கும் இடைவெளி விட்டால், தொளதொளவென்று விட்டால், அதிர்ந்து உரசி எரிந்துபோகும். இருபத்தைந்து வருஷமாக என் கை இறுக்கிச் சுற்றித்தான் பழகியிருக்கிறது. ஆனால் மோட்டார் தடிக்காது. மரம் தடிக்கும். இதைக் கூடவா ஒருவன் யோசிக்க மாட்டான்? அந்தப் படத்துக்குக் கீழே நாலு வரி இங்கிலீஷ் இருந்தது. எழுத்துக்கூட்டியாவது படித்திருக்கலாம். படம் போதும் என்று விட்டுவிட்டேன். தினம் மொட்டைப் பார்த்தேனே தவிர, நாலு விரல் கீழே பார்க்கவில்லை.

வேப்பமரத்தைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் வாபஸ் வாங்கமாட்டேன். ஆனால் அன்றைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

"பார்த்து எடுங்க" என்றார்கள் சரோஜாம்மா, பின்னாலிருந்து. "பிச்சி எடுத்துடாதீங்க."

மறுநாள் கட்டரால் கம்பியை ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுத்தேன். மொத்தம் பதினாலு சுற்று. மொட்டு இருந்த கிளை கையோடு வந்துவிட்டது. மற்ற இரண்டு கிளையும் பச்சையாக இருக்கின்றன. மரத்தைக் கடை ஜன்னலுக்கு மாற்றிவிட்டேன்.