கடல்குதிரை எடுத்த ஃபாஜில்

துபாயிலிருந்து வந்த ஃபாஜில், கடலடியில் படம் எடுக்கப்போவதாக அதிராம்பட்டினம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தான். கடையில் இருந்ததிலேயே பெரிய கேமராவை வாங்கினான். அதற்கான தண்ணீர் புகாத கெட்டி உறை பார்க்க அசிங்கமாம். மெல்லிய பிளாஸ்டிக் பையே போதுமாம்.

"முதல்ல வெறும் பையை மட்டும் தண்ணியில அமுக்கிப் பாருங்க காக்கா," என்று அண்ணனிடம் சொன்னாள் தங்கை சுமையா. அவள் தன் சின்னக் கேமராவுக்குப் பொருந்தும் உறையைத் தேடி வாங்கி, வருஷக்கணக்காகக் கடலில் படமெடுப்பவள்.

"உனக்கென்ன தெரியும்?" என்று சிரித்தான்.

படகிலிருந்து குதித்து அவன் மேலே வந்தபோது, பைக்குள் நிறைந்த உப்புத்தண்ணீரில் கேமரா ஊறிக்கிடந்தது. கம்பெனி ஏமாற்றிவிட்டதாக எல்லோரிடமும் புளுகினான். அப்படியும் அடங்கவில்லை. சுமையா எடுத்த கடல்குதிரைப் படத்தைத் தன் பெயரில் ஃபேஸ்புக்கில் போட்டான்.

'இது நான் எடுத்தது' என்று அவள் கீழே எழுதினாள். அந்த வீரன் உடனே தங்கையை பிளாக் செய்தான்.